65 டிகிரி எனக்கு எதற்கு? ஒரு சூட்டுப் பட்டையோடு மூன்று மாதம்

பெட்டியைத் திறக்கும் முன்பே கண்ணில் பட்டது அந்த எண்தான். 65 டிகிரி என்று தங்க எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் தீச்சுவாலை ஒன்றையும் வரைந்து வைத்திருந்தார்கள். வாங்கியது அடுப்பா, மாதவிடாய் வலிக்கு அடிவயிற்றில் கட்டிக்கொள்ளும் பட்டையா என்று ஒரு முறை பில்லை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். பட்டைதான். இணையக் கடையில் 59 மலேசிய வெள்ளி (ரிங்கிட்) 90 காசு. இளஞ்சிவப்பு நிறம், மூன்று நிலைச் சூடு, மூன்று வகை அதிர்வு, ஒரு முறை சார்ஜ் செய்தால் 6 மணி நேரம் உழைக்கும் என்ற வாக்குறுதி.

மூன்று மாதம், மூன்று சுற்று கட்டிப் பார்த்த பிறகு எழுதுகிறேன். பொட்டலம் வந்த அன்றே ஐந்து நட்சத்திரம் போட்டுவிடும் புண்ணியவதிகளை நம்பித்தான் நானும் வாங்கினேன். "அனுப்பியது வேகம், இன்னும் பயன்படுத்தவில்லை" என்று எழுதி ஐந்து நட்சத்திரம்! எங்கள் வேலையிடத்தில் இப்படிக் கையெழுத்துப் போட்டால் மறுநாளே கடிதம் கொடுத்துவிடுவார்கள்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். பதினோராவது ஆண்டு நடக்கிறது. வெளியே போகும் சரக்கைக் கடைசியாகப் பார்ப்பது எங்கள் மேசை. சில்லுகளை நுண்ணோக்கியின் கீழே வைத்து, கால்கள் வளைந்திருக்கின்றனவா, துரு ஏறியிருக்கிறதா, எழுத்து மங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கழிக்க வேண்டும். காலை 7 மணி முதல் இரவு 7 மணி வரை ஷிப்ட். வீடு கடலுக்கு இந்தப் பக்கம், பிறையில். ஐந்தே முக்காலுக்குத் தொழிற்சாலைப் பஸ் வந்துவிடும். தீவுக்குப் போகும் 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தைப் பாதித் தூக்கத்தில் கடப்பேன்.

வலி எனக்குப் பதின்மூன்று வயதில் தொடங்கியது. இப்போது முப்பத்து நான்கு. முதல் நாள், இரத்தம் பட்ட இரண்டாவது மணி நேரத்தில் ஆரம்பிக்கும். நனைந்த கம்பளியை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து முறுக்கிப் பிழிவது போல இருக்கும். தொடை வரை இறங்கும், குமட்டும், வயிற்றாலை போகும், உள்ளங்கை வியர்க்கும். கருப்பையின் உள்சுவர் உதிரும்போது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்குகிறது, தசைக்குள் இரத்த ஓட்டம் குறைகிறது, அதனால்தான் வலி. அதே பொருள் குடலையும் கிளறிவிடுவதால்தான் வாந்தியும் வயிற்றாலையும். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பெரிய நிம்மதி. "நேற்று வெளியே கண்டதைத் தின்றிருப்பாய்" என்று அம்மா சொல்லிச் சொல்லி, பாவம், அந்த ரொஜாக் கடைக்காரரைத்தான் இத்தனை வருடம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் மேசையில் மூன்று பேர். மலாய்க்கார அக்காவை நாங்கள் கக் என்றுதான் கூப்பிடுவோம். என் முகத்தைப் பார்த்ததுமே "செங்குகுட்?" என்பார். மாதவிடாய் வலிக்கு மலாயில் தனியாக ஒரு சொல்லே இருக்கிறது. கேட்டால் உலோகத் தட்டு கீழே விழுந்த ஓசை போல இருக்கும், வலிக்குப் பொருத்தமான ஓசை. நம்மிடம் வயிற்று வலி என்ற பொதுச்சொல்தான். அதையும் ஆண்கள் முன்னால் மென்று விழுங்கித்தான் சொல்கிறோம். கல்லைச் சூடாக்கித் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றுவது, பிள்ளை பெற்றவர்களுக்குத் தன் பாட்டி செய்தது என்று கக் சொல்வார். என் அம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அங்கே செங்கல்லை அடுப்பில் போட்டுச் சாக்கில் சுற்றிக்கொள்வார்களாம். விடியற்காலையில் மரம் சீவப் போகும்போது அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? "போவோம், வருவோம், படுப்போம்" என்று அம்மா மூன்று சொல்லில் முடித்துவிட்டார். மூன்றாவது ஆளான சீனப் பெண் இஞ்சியும் கருஞ்சர்க்கரையும் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடுவையில் கொண்டுவந்து நீட்டுவாள். எங்கள் வீட்டில் ஓமத் தண்ணீர், வெந்தயம், கோடாலித் தைலம். எல்லாரும் சுற்றிச் சுற்றிச் சூட்டுக்குத்தான் வருகிறார்கள்.

சூடு வெறும் ஆறுதல் அல்ல. 2001 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அடிவயிற்றில் ஒட்டும் சூட்டுப் பட்டையை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வீதம் இரண்டு நாள் கட்டிப் பார்த்தார்கள். 400 மில்லிகிராம் ஐபுபுரூஃபன் வலி மாத்திரையை மூன்று வேளை எடுத்தவர்களுக்குக் கிடைத்த அளவுக்கே பட்டை கட்டியவர்களுக்கும் வலி குறைந்தது. இரண்டும் சேர்ந்தபோது நிவாரணம் சீக்கிரமாக வந்தது. நான் பென்சிலால் வட்டம் போட்டு வைத்தது அந்தப் பட்டையின் வெப்பநிலையை: 38.9 டிகிரி. கடும் காய்ச்சல் உடம்பின் சூடு. அவ்வளவுதான். அதை 12 மணி நேரம் விடாமல் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது என் பெட்டியின் தங்க எழுத்தைப் பாருங்கள். வேண்டியது மிதமான சூடு, நீண்ட நேரம். இவர்கள் விற்பதோ அதிகச் சூடு, கொஞ்ச நேரம். வாங்குகிறவர்களும் எவ்வளவு சுடுகிறது என்றுதான் கேட்கிறோம், எவ்வளவு நேரம் என்று கேட்பதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது சுரீரென்று சுட வேண்டும் என்றுதான் கை தேடும், எனக்கும் தெரியும்.

எண்ணைக் கண்டால் அளந்து பார்க்காமல் விட முடியாது, தொழில் வியாதி. கேக் சுடும் ஊசி வெப்பமானி ஒன்று வீட்டில் இருக்கிறது. முதலில் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்துச் சரிபார்த்தேன், 0.4 காட்டியது, போதும். பட்டையைப் பருத்திச் சட்டைக்கு மேல் கட்டி, ஊசியைச் சட்டைக்கும் தோலுக்கும் நடுவே செருகிக்கொண்டு, சோபாவில் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குறித்தேன். வலி இல்லாத நாளில்தான். வலி நாளில் இந்தப் பொறுமை யாருக்கு இருக்கும்? முதல் நிலையில் 40 முதல் 41 டிகிரி, மின்கலம் 3 மணி 10 நிமிடம் தாங்கியது. இரண்டாம் நிலையில் 44 டிகிரி, 2 மணி 20 நிமிடம். மூன்றாவதில் 48 வரை ஏறி, 1 மணி 35 நிமிடத்தில் அணைந்துவிட்டது. 65 எங்குமே வரவில்லை. ஒருவேளை உள்ளே இருக்கும் கம்பியின் சூட்டைச் சொல்கிறார்களோ என்னவோ. 6 மணி நேரம் என்பது எதன் கணக்கு என்பது அவர்களுக்கே வெளிச்சம்.

65 வராததற்கு நன்றி சொல்ல வேண்டும். தோல் 44 டிகிரியில் ஆறு மணி நேரம் தொடர்ந்து இருந்தாலே புண்ணாகிவிடும். டிகிரி ஏற ஏற அந்த அவகாசம் மளமளவென்று சுருங்கும், 60 இல் சில நொடிகள்தான். இடைப்பட்ட சூடும் சும்மா விடாது. பள்ளிக்கூட நாட்களில் சுடுநீர்ப் பையைத் துணியும் சுற்றாமல் மணிக்கணக்கில் வயிற்றில் வைத்துப் படுத்ததில், மீன்வலையை அச்சடித்தது போலப் பழுப்புக் கோடுகள் விழுந்துவிட்டன. அம்மா அதைத் தேமல் என்று நினைத்து மஞ்சள் பூசினார். அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருப்பவர்களின் கெண்டைக்காலில் வருமே, அதே தழும்புதான் என்று பல வருடம் கழித்து ஒரு மருத்துவர் சொன்னார். மங்கிவிட்டது, முழுக்கப் போகவில்லை. ஆகையால் பட்டையின் மூன்றாம் நிலைப் பொத்தானை நான் தொடுவதில்லை. வாங்குகிறவர்களும் தொடாதீர்கள்.

முதல் நிலை, உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. இதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். முதல் சுற்றில் பஸ் ஏறும்போதே கட்டிக்கொண்டேன். பஸ்ஸின் குளிர்சாதனம் நேராக என் மடியில் வீசும் இருக்கை அது. பாலத்தின் நடு உயரத்துக்கு வரும்போது பிழிகிற கைகள் பிடியைத் தளர்த்தியது போல இருந்தது. வலி போகவில்லை, ஆனால் பல்லைக் கடிக்காமல் உட்கார முடிந்தது. பினாங்கின் வெயிலில் இடுப்பில் சூடு கட்டுவதா என்று கேட்பவர்கள் எங்கள் உற்பத்திக் கூடத்துக்கு ஒரு நாள் வந்து பார்க்கலாம். உள்ளே ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது.

அதிர்வைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குளவி ஒன்று இடுப்பில் கூடு கட்டியது போல உறுமுகிறது. பக்கத்து இருக்கை அண்ணன் தன் கைப்பேசியை இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். அணைத்துவிட்டேன், பிறகு போடவே இல்லை.

குறைகள் இனிமேல்தான். சார்ஜ் ஆகும்போது பட்டை வேலை செய்யாது. பாதுகாப்புக்காக என்றால் சரி, ஆனால் அதைப் பெட்டியில் சொல்லியிருக்கலாம். முழுதாகச் சார்ஜ் ஏற நான்கு மணி நேரம். இடுப்பு வார் 95 சென்டிமீட்டரில் முடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் வயிறு உப்புகிறவர்களுக்குக் கடைசிக் கொக்கியும் எட்டாது. எல்லாருக்கும் பொருந்தும் அளவு என்று எழுதுகிறவர்கள் யாரை அளந்தார்கள்? இரண்டாம் மாதமே வாரின் ஒட்டும் பட்டையில் நூல் பிரிந்தது, நான் ஊசி போட்டுத் தைத்தேன். பொத்தான் வெளிப்பக்கம் இருப்பதால் கைப்பை உரசினாலே நிலை மாறிவிடுகிறது. ஒரு முறை பஸ்ஸில் அசந்து தூங்கி, மூன்றாம் நிலையின் சூட்டில் துள்ளி எழுந்தேன். இந்த ஒரு குறைக்காக மட்டுமே எங்கள் மேசையில் இது கழிவுத் தட்டுக்குப் போயிருக்கும்.

என்னைப் பொறுத்தவரை பெரிய குறை பட்டையுடையது அல்ல. மின்கலம் உள்ள எதையும் உற்பத்திக் கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. பட்டை லாக்கரில் தூங்கும், நான் உள்ளே விழித்திருப்பேன். காலை இடைவேளையில் 15 நிமிடம், மதியம் 40 நிமிடம், பஸ்ஸில் போக வர, இவ்வளவுதான் அதற்கும் எனக்கும் உறவு. 12 மணி நேரத்துக்கு ஈடுகொடுப்பது வேறு ஒன்று: மருந்துக்கடையில் கிடைக்கும் ஒட்டும் சூட்டுத் தாள். மேற்பார்வையாளரிடம் கேட்டேன். பெண்தான், நல்ல வேளை. உடைக்கு உள்ளே, கிழியாமல் இருந்தால் சரி என்றார்.

அந்தத் தாளுக்குள் இருப்பது இரும்புத் தூள், உப்பு, கரித்தூள், கொஞ்சம் ஈரம். உறையைப் பிரித்ததும் காற்று படுகிறது, இரும்பு துருப்பிடிக்கிறது, துருப்பிடிக்கும்போது சூடு வருகிறது. காலை முதல் இரவு வரை துருவைக் கண்டுபிடித்துக் கழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் துருவே உடைக்குள் ஒளிந்துகொண்டு என்னை நிமிர்த்தி உட்கார வைக்கிறது என்பதை நினைத்தால் நுண்ணோக்கியின் முன்னாலேயே சிரிப்பு வந்துவிடும். வயிற்று வலிக்கென்றே செய்த தாளைப் பார்த்து வாங்க வேண்டும், அதன் சூடு மிதமானது. கையுறைக்குள்ளும் சட்டைப்பையிலும் வைக்கும் வகை அதைவிடக் கடுமையாகச் சுடும், அதை வயிற்றில் ஒட்டக் கூடாது. நான் வாங்குவது ஒன்று ஆறு வெள்ளி, எட்டு மணி நேரம் தாங்கும். முதல் நாளுக்கு ஒன்றரை, இரண்டாம் நாளுக்கு ஒன்று. அரைத் தாள் கிடையாது, ஆக மாதம் மூன்று, 18 வெள்ளி. பட்டையின் விலை நான்கே மாதத்தில் தாளில் போய்விடும். பட்டையை வாங்கியதன் நியாயமும் அங்கேதான் இருக்கிறது: வீட்டிலும் பஸ்ஸிலும் தாளை வீணாக்க வேண்டியதில்லை. பட்டை வந்த பிறகு மாதம் ஒரு தாள் மிச்சம்.

வீட்டிலேயே படுத்திருக்க முடிகிறவர்களுக்குப் பட்டையும் வேண்டாம், தாளும் வேண்டாம். 20 வெள்ளிக்குள் கிடைக்கும் ரப்பர் சுடுநீர்ப் பை போதும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றாமல், முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டு சுற்றி வையுங்கள். வாயோரத்து ரப்பர் வெடித்திருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். என் ஓட்டு இன்னமும் பைக்குத்தான். ஆனால் மாதாமாதம் விடுப்பு யார் கொடுக்கிறார்கள்? கடலுக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவில் முதல் இரண்டு நாள் விடுப்பை 2003 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. ஐந்து ஆண்டு முடித்தவளுக்குச் சட்டப்படி வருடத்துக்கு 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. மாதம் ஒன்று எடுத்தால் 12 போக மீதி 10 காய்ச்சலுக்கு, கணக்கு இடிக்காது. இடிப்பது வருகைப் படி. ஒரு நாள் எம்.சி., அதாவது மருத்துவ விடுப்பு, எடுத்தாலும் எனக்கு அந்த மாதத்து 100 வெள்ளி போய்விடும். 59 வெள்ளி 90 காசை எதோடு ஒப்பிட்டு வாங்கினேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மாத்திரையை ஒதுக்கிவிட்டுச் சூட்டை மட்டும் பேசினால் பொய் சொன்னவளாவேன். நான் மெஃபெனமிக் அமிலம் என்ற வலி மாத்திரை 500 மில்லிகிராம் எடுக்கிறேன், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு நாளோடு நிறுத்திவிடுவேன். அது புராஸ்டாகிளாண்டின் சுரப்பதைத் தடுக்கிறது. ஏற்கெனவே சுரந்து ஊறிவிட்டதைத் திரும்ப எடுக்காது. அதனால் வலி முற்றிய பிறகு விழுங்கினால் பாதிப் பலன்தான், தொடங்கும்போதே விழுங்க வேண்டும். "தாங்க முடிகிற வரை தாங்கு, மாத்திரை உடம்புக்குக் கெடுதல்" என்று வளர்ந்த நமக்கு இது தலைகீழ்ப் பாடம். பதினைந்து வருடம் நான் தாங்கித் தாங்கி, தாங்க முடியாதபோது விழுங்கி, மாத்திரை கேட்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தாளரிடம் சொல்லாமல் இதைத் தொட வேண்டாம். வெறும் வயிற்றில் யாருமே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பட்டை விமர்சனத்தில் இது எதற்கு என்று கேட்காதீர்கள். இருபத்தாறு வயதில் ஒரு கிளினிக்கில் என்னைப் பார்த்த மருத்துவர், தலை நிமிராமலேயே, "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்று சொல்லி 35 வெள்ளி வாங்கிக்கொண்டார். கல்யாணம் இன்னும் ஆகவில்லை, அந்த மருந்தை எந்தக் கடையில் விற்கிறார்கள் என்றும் தெரியவில்லை. அடுத்த வருடம் அரசாங்க கிளினிக்குக்குப் போனேன், ஒரு வெள்ளிக் கட்டணம். அங்கே ஓர் இளம் மருத்துவர் உட்கார வைத்து இருபது கேள்வி கேட்டார். மாதவிடாய் இல்லாத நாளிலும் வலி உண்டா, மலம் கழிக்கும்போது வலிக்கிறதா, வருடத்துக்கு வருடம் கூடுகிறதா, இரத்தம் ஒரு வாரத்துக்கு மேல் போகிறதா. பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஸ்கேன் எடுக்க வைத்தார். ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்கேனில் தெரியாமலும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) இருக்கக்கூடும், ஆகவே அந்தக் கேள்விகளில் எதற்காவது பதில் மாறினால் திரும்பி வர வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தார். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் பத்தில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எங்கள் பஸ்ஸில் காலையில் நாற்பது பெண்கள். மருத்துவர் எழுதிய அந்தத் தாள் என் லாக்கர் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மாதம் ஒரு முறை பட்டையை எடுக்கும்போது அந்தக் கேள்விகளையும் படித்துவிடுவேன்.

பட்டைக்கு வருவோம். மூன்று நட்சத்திரம் கொடுத்தேன். முதல் நிலைச் சூட்டுக்கு இரண்டு, துணியின் மென்மைக்கு ஒன்று. என் அளவீட்டு அட்டவணையையும் படம் பிடித்துப் போட்டேன். மறுநாளே கடைக்காரர் செய்தி அனுப்பினார்: அன்பு வாடிக்கையாளரே, ஐந்து நட்சத்திரமாக மாற்றினால் 10 வெள்ளி திருப்பித் தருகிறோம். பொத்தானை உட்பக்கம் மாற்றுங்கள், வாரை இருபது சென்டிமீட்டர் நீட்டுங்கள், தீச்சுவாலையை அழித்துவிட்டு 40 டிகிரி, 3 மணி நேரம் என்று அச்சிடுங்கள், நான்கு நட்சத்திரம் இலவசமாகவே தருகிறேன் என்று பதில் எழுதினேன். இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது, படித்துவிட்டார்கள். பதில் இல்லை.

போன வாரம் பட்டையைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினேன். அம்மா முழங்காலில் கட்டிக்கொண்டு நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்றாம் நிலையில், அதிர்வும் போட்டு. "இது நன்றாக இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் சுட்டால் தேவலை" என்றார். ஒரு நிலை குறைத்துவிட்டு வந்தேன். எனக்கு வியாழக்கிழமை தேதி. புதன் இரவு அவர் தூங்கிய பிறகுதான் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும்.